இந்தப் பாதையை யார் படிக்கப் போகிறார்கள்?

விண்டோஸில் பல வருடமாக ஓடிக்கொண்டிருக்கும் சி++ புரோகிராம் ஒன்றை லினக்ஸுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று பேச்சு வந்தால், முதல் கூட்டத்திலேயே யாராவது சொல்லிவிடுவார்: "பேக்ஸ்லாஷை எல்லாம் ஸ்லாஷா மாத்திட்டா முடிஞ்சுது." பாதைகளில் விண்டோஸ் போடுவது பேக்ஸ்லாஷ் (\), லினக்ஸ் போடுவது ஸ்லாஷ் (/). அப்படி ஒரே அடியாக மாற்றினால் என்ன ஆகும் என்று பாருங்கள். வரிமுறிவுக்காகப் போட்டிருந்த பேக்ஸ்லாஷ் போய்விடும். ரெகுலர் எக்ஸ்பிரஷன்கள் (எழுத்துகளைத் தேடும் வடிவங்கள்) எல்லாம் வேறு பொருள் கொள்ளும். விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியின் சாவிகளும் மாறிவிடும். ரெஜிஸ்ட்ரியில் பிரிப்பான் பேக்ஸ்லாஷ் ஒன்றுதான். ஸ்லாஷ் அங்கே சாவியின் பெயருக்குள் வரக்கூடிய சாதாரண எழுத்து. ஆக லினக்ஸில் ஓடத் தொடங்கும் முன்பே விண்டோஸில் ஓடிக்கொண்டிருந்தது நின்றுபோகும்.

கோப்புப் பாதை பார்ப்பதற்கு ஒரு ஸ்ட்ரிங். ஆனால் அதைப் படிப்பவர்கள் பலர்: கம்பைலர், கெர்னல் (இயங்குதளத்தின் மையம்), ஷெல் (தட்டும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்), ஜிப் கோப்பைப் பிரிக்கும் நிரல், இன்னொரு மெஷினில் இருக்கும் இதே புரோகிராம், கடைசியாகத் திரையைப் பார்க்கும் ஆள். ஒவ்வொருவருக்கும் இலக்கணம் வேறு. இப்படி வேறு இயங்குதளத்துக்குக் கொண்டுபோகும் போர்ட்டிங்கில் பாதை சம்பந்தமான வேலை முழுவதும் ஒரே கேள்விதான்: இந்த வரியில் இருக்கும் பாதையை அடுத்து யார் படிக்கப் போகிறார்கள்?

இரண்டு சாய்கோடுகள் வந்த கதை

யூனிக்ஸ் தொடக்கத்திலிருந்தே ஸ்லாஷைப் பிரிப்பானாக வைத்துக்கொண்டது. 1981-இல் வந்த எம்எஸ்-டாஸ் முதல் பதிப்பில் ஃபோல்டரே கிடையாது. பிளாப்பியில் இருக்கும் கோப்புகள் எல்லாம் ஒரே பட்டியல். பிரிப்பான் தேவைப்படாததால், கட்டளைகளின் விருப்பங்களைக் குறிக்க ஸ்லாஷ் பயன்பட்டது. 1983-இல் ஐபிஎம் பிசி எக்ஸ்டி 10 மெகாபைட் ஹார்ட் டிஸ்க்கோடு வந்தபோதுதான் டாஸ் 2.0-இல் ஃபோல்டர்கள் வந்தன. அதற்குள் ஸ்லாஷ் வேறு வேலைக்குப் போய்விட்டிருந்தது. பழைய கட்டளைகள் உடையக்கூடாது என்று பேக்ஸ்லாஷைப் பிரிப்பானாக்கினார்கள்.

இதில் பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. கெர்னல் அழைப்புகள் அன்றே இரண்டையும் ஏற்றன. இன்றும் விண்டோஸில் கோப்பைத் திறக்கும் ஏபிஐக்கு (புரோகிராம்கள் இயங்குதளத்தைக் கூப்பிடும் ஃபங்ஷனுக்கு) ஸ்லாஷ் போட்ட பாதையைக் கொடுத்தால் திறக்கும். ஸ்லாஷைக் கண்டு முரண்டு பிடிப்பது கமாண்ட் பிராம்ப்ட்தான். அங்கே "டிர் ஏ/பி" என்று தட்டினால், ஏ ஃபோல்டருக்குள் இருக்கும் பி என்று அது எடுத்துக்கொள்ளாது. ஏ-யைப் பட்டியலிடு, பெயரை மட்டும் காட்டு என்ற விருப்பத்தோடு, என்று எடுத்துக்கொள்ளும். "எம்கேடிர் ஏ/பி" என்றால் கட்டளையின் தொடரியல் தவறு என்று சொல்லும். கெர்னல் ஒரு வாசகர், ஷெல் இன்னொரு வாசகர்.

இந்த ஒரு தகவலால் வேலையில் பாதி குறையும். கெர்னலுக்குப் போகும் பாதையை விண்டோஸிலும் ஸ்லாஷாலேயே எழுதலாம். திசை முக்கியம்: விண்டோஸ் இரண்டையும் ஏற்கும், லினக்ஸ் ஏற்காது. லினக்ஸ் கெர்னலைப் பொறுத்தவரை கோப்புப் பெயருக்குள் வரக்கூடாதவை இரண்டே: ஸ்லாஷும், மதிப்பு 0 உள்ள பைட்டும். பேக்ஸ்லாஷ் அங்கே அ, ஆ மாதிரி இன்னோர் எழுத்து.

சத்தமில்லாமல் தவறுவது

லினக்ஸில் "டேட்டா\ரிப்போர்ட்" என்ற பாதையைப் படிப்பதற்காகத் திறந்தால் கோப்பு இல்லை என்று பிழை வரும். அது நல்லது, உடனே தெரிந்துவிடும். எழுதுவதற்காகத் திறந்தால்தான் ஆபத்து. பிழையே வராது. டேட்டா என்ற ஃபோல்டர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், தற்போதைய ஃபோல்டரில் நடுவில் பேக்ஸ்லாஷ் உள்ள ஒரே பெயரோடு ஒரு கோப்பு உருவாகும். புரோகிராம் பிறகு அதே தவறான பெயரால் படித்துக்கொண்டால் டெஸ்ட்டுகளும் பாஸாகும். பேக்கப் ஸ்கிரிப்ட் டேட்டா ஃபோல்டரை மட்டும் எடுத்துப்போகும். ரிப்போர்ட்டுகள் அதில் இருக்காது.

அந்தக் கோப்பை அழிப்பதும் கொஞ்சம் எரிச்சலூட்டும். பெயரை அப்படியே ஷெல்லில் தட்டினால், பேக்ஸ்லாஷை ஷெல் எஸ்கேப் குறியாக (அடுத்த எழுத்தின் சிறப்புப் பொருளை நீக்கும் குறியாக) எடுத்து விழுங்கிவிட்டு, "டேட்டாரிப்போர்ட்" என்ற கோப்பைத் தேடும். ஒற்றை மேற்கோளுக்குள் பெயரை வைத்தால் அழியும். போர்ட் செய்த புரோகிராமை ஒருமுறை ஓட்டி முடித்ததும், பெயரில் பேக்ஸ்லாஷ் உள்ள கோப்பு ஏதாவது உருவாகியிருக்கிறதா என்று ஃபைண்ட் கட்டளையால் தேடிப் பார்ப்பது இரண்டு நிமிட வேலை. டெஸ்ட் ஓட்டத்தின் கடைசிப் படியாகவே இதைச் சேர்த்துவிடலாம்.

கிராஷ் ஆகும் வகையும் உண்டு. பழைய சி நிரல்களில் தன் பெயரைத் தெரிந்துகொள்ள, நிரல் தொடங்கிய பாதையில் கடைசி பேக்ஸ்லாஷ் எங்கே என்று எஸ்டிஆர்ஆர்சிஎச்ஆர் (strrchr) ஃபங்ஷனால் தேடி, கிடைத்த இடத்தோடு 1 கூட்டுவார்கள். விண்டோஸில் பாதையில் பேக்ஸ்லாஷ் இருந்துகொண்டே வந்ததால் அது பல வருடம் ஓடியிருக்கும். லினக்ஸில் பேக்ஸ்லாஷ் இல்லை. திரும்பி வருவது நல் பாயின்டர், அதாவது எதையும் சுட்டாத முகவரி 0. அதோடு 1 கூட்டினால் முகவரி 1. அதைப் படிக்கப்போனால் செக்மென்டேஷன் ஃபால்ட், புரோகிராம் அங்கேயே விழும். மெயின் ஃபங்ஷனின் முதல் சில வரிகளிலேயே இது நடப்பதால், "புரோகிராம் ஸ்டார்ட்டே ஆகல" என்று பெரிய பிரச்சினை போலத் தெரியும்.

ஆகவே தேடல் பட்டியலில் பாதை ஸ்ட்ரிங்குகள் மட்டும் போதாது. ஒற்றை எழுத்தாக பேக்ஸ்லாஷை ஒப்பிடும் இடங்கள், இரண்டு சதவீதக்குறி-எஸ்-களுக்கு நடுவே பேக்ஸ்லாஷ் வைத்து ஒட்டும் ஃபார்மட் ஸ்ட்ரிங்குகள், இரண்டாவது எழுத்து கோலனா என்று பார்த்து "இது முழுப்பாதை" என்று முடிவெடுக்கும் நிபந்தனைகள் எல்லாம் அதில் வரவேண்டும். கடைசியாகச் சொன்னது லினக்ஸில் எந்த முழுப்பாதையையும் அடையாளம் காணாது; எல்லாவற்றையும் சார்புப்பாதை என்று நினைத்து முன்னால் இன்னொரு ஃபோல்டரை ஒட்டிவிடும்.

கம்பைலரின் கண்ணில்

கெர்னலுக்கு முன்னால் பாதையைப் படிப்பவர் கம்பைலர். "சி:\டெம்ப்\நியூ\ரிப்போர்ட்" என்ற பாதையை ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். ஒவ்வொரு பேக்ஸ்லாஷுக்குப் பின்னும் வரும் எழுத்து டி, என், ஆர். இரட்டை பேக்ஸ்லாஷ் போட மறந்தால் டேப், வரிமுறிவு, கேரேஜ் ரிட்டர்ன் என்று மூன்று கட்டுப்பாட்டு எழுத்துகள் உள்ளே போகும். பைத்தான் 3-இல் "சி:\யூசர்ஸ்" என்று சாதாரண மேற்கோளில் எழுதினால், பேக்ஸ்லாஷும் பெரிய யு எழுத்தும் சேர்ந்து எட்டு இலக்க யூனிகோட் எண்ணின் தொடக்கம் என்று எடுத்துக்கொண்டு, ஓடுவதற்கு முன்பே தொடரியல் பிழை தரும். இதற்காக, பேக்ஸ்லாஷை அப்படியே வைக்கும் ரா ஸ்ட்ரிங் பயன்படுத்துவார்கள். ஆனால் ரா ஸ்ட்ரிங் ஒற்றை பேக்ஸ்லாஷில் முடிய முடியாது. ஃபோல்டர் பாதையின் கடைசியில் ஒன்றை வைக்கப்போய் மாட்டிக்கொள்வது வழக்கம்.

ஹெட்டர் கோப்புகளை உள்ளே இழுக்கும் இன்க்ளூட் வரிகள் சுலபம். அவற்றில் பேக்ஸ்லாஷை ஸ்லாஷாக மாற்றினால் விஷுவல் ஸ்டுடியோவும் ஏற்கும், ஜிசிசியும் ஏற்கும். கண்ணை மூடிக்கொண்டு மொத்தமாக மாற்றக்கூடிய ஒரே இடம் இதுதான். மாற்றிய பிறகு அடுத்த அடுக்கு வெளியே வரும்: பெரிய எழுத்து, சின்ன எழுத்து. ஹெட்டரின் பெயர் பெரிய எழுத்தில் தொடங்கும், இன்க்ளூட் வரியில் சின்ன எழுத்து இருக்கும். விண்டோஸ் கண்டுகொள்ளாது, லினக்ஸ் விடாது. மேக்கில் வேலை செய்பவருக்கும் தெரியாது, அங்கும் இயல்பாக இரண்டும் ஒன்று. கிளாங் கம்பைலர் இதற்கென்று ஓர் எச்சரிக்கை வைத்திருக்கிறது. அதைப் பிழையாக மாற்றி வையுங்கள். விண்டோஸிலேயே சோதிக்க வேண்டுமென்றால், விண்டோஸ் 10-இன் 1803 பதிப்பிலிருந்து எஃப்எஸ்யூட்டில் கட்டளையால் ஒரு ஃபோல்டரை மட்டும் எழுத்துவேறுபாடு பார்ப்பதாக மாற்றலாம். லினக்ஸ் துணை அமைப்பு நிறுவியிருக்க வேண்டும். காலி ஃபோல்டரில் இதைச் செய்துவிட்டு, பிறகு மூலநிரலை அதற்குள் எடுப்பது நல்லது.

எதிர்த்திசையிலும் இடிக்கும். லினக்ஸ் கெர்னலின் மூலத்தில் நெட்ஃபில்டர் பகுதியில் எழுத்தின் அளவு மட்டுமே வேறுபடும் ஹெட்டர் ஜோடிகள் இருக்கின்றன. சாதாரண விண்டோஸ் ஃபோல்டரில் எடுத்தால் ஒன்று இன்னொன்றை அழித்துவிடும். நூவோ கிராஃபிக்ஸ் டிரைவருக்குள் ஆக்ஸ்.சி என்று ஒரு கோப்பு இருக்கிறது. கான், பிஆர்என், ஆக்ஸ், நல், காம்1 முதலிய பெயர்கள் டாஸ் காலத்துச் சாதனப் பெயர்கள். .சி போன்ற வால் ஒட்டினாலும் பல விண்டோஸ் பதிப்புகள் அவற்றை ஒதுக்கியே வைத்திருக்கும்.

உள்ளே ஒன்று, வாசலில் ஒன்று

ஒழுங்குபடுத்தும் வழி இது. புரோகிராமுக்குள் சுற்றிவரும் பாதைகள், செட்டிங்ஸ் கோப்பில் எழுதுபவை, டேட்டாபேஸில் சேமிப்பவை, நெட்வொர்க்கில் அனுப்புபவை எல்லாம் ஸ்லாஷ்தான். முடிந்தவரை ஒரு மூல ஃபோல்டருக்குச் சார்பாக. எந்த வாசகருக்குப் போகிறதோ அந்த வாசலில் மட்டும் மாற்றுவது. மாற்றும் ஃபங்ஷன் கோட்பேஸில் ஒரே இடத்தில் இருக்கட்டும்.

கருவிகள் எல்லா மொழியிலும் இருக்கின்றன. சி++17-இல் ஃபைல்சிஸ்டம் நூலகத்தின் பாத் வகை. அதன் ஜெனரிக்_ஸ்ட்ரிங் ஸ்லாஷ் வடிவத்தைத் தரும். பைத்தானில் பாத்லிப், அதன் ஏஸ்_பாஸிக்ஸ். கோ மொழி இதை நன்றாகவே பிரித்திருக்கிறது: "பாத்" என்ற பேக்கேஜ் எப்போதும் ஸ்லாஷுக்கு, "ஃபைல்பாத்" அந்தந்த இயங்குதளத்துக்கு. இரண்டையும் ஒரே பெயர் போல நினைத்துக் கலந்துவிடுவது மட்டும்தான் அங்கே ஆபத்து.

இந்த நூலகங்கள் எல்லாம் தான் ஓடும் இயங்குதளத்தின் இலக்கணத்தில்தான் பிரிக்கும். பலர் வழுக்கி விழும் இடம் இது. லினக்ஸில் ஓடும் டாட்நெட் நிரலில் "சி:\ஏ\பி" என்ற பாதையிலிருந்து கோப்புப் பெயரை மட்டும் எடுக்கச் சொன்னால், முழு ஸ்ட்ரிங்கும் அப்படியே திரும்பி வரும். லினக்ஸில் அது உண்மையிலேயே ஒரே பெயர்தான். விண்டோஸ் பயனர் பழைய பதிப்பில் சேமித்த கோப்பை லினக்ஸ் சர்வர் படிக்கும்போது இது நடக்கும். பைத்தானில் இதற்குச் சரியான மருந்து உண்டு: பியூர்விண்டோஸ்பாத் என்ற வகை எந்த மெஷினில் ஓடினாலும் விண்டோஸ் இலக்கணப்படி பிரிக்கும். மற்ற மொழிகளில், இந்தத் தரவு விண்டோஸில் எழுதப்பட்டது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் மாற்றுங்கள். சேமிக்கும் கோப்பில் ஒரு பதிப்பு எண் வைத்து, பழைய எண் என்றால் மாற்று, புதியது என்றால் தொடாதே என்று எழுதினால் போதும். லினக்ஸில் வரும் எல்லாப் பாதையிலும் பேக்ஸ்லாஷை மாற்றிக்கொண்டிருந்தால், உண்மையிலேயே பெயரில் பேக்ஸ்லாஷ் உள்ள கோப்பை ஒருநாளும் திறக்க முடியாது.

ஒட்டும் ஃபங்ஷன்களிலும் இரண்டு கண்ணிகள். பைத்தானின் ஜாயினுக்கும் சி++-இன் வகு குறிக்கும் இரண்டாவதாகக் கொடுப்பது முழுப்பாதையாக இருந்தால் முதலில் கொடுத்தது காணாமல் போகும். பயனர் அனுப்பிய பெயரை அப்லோட் ஃபோல்டரோடு ஒட்டும் நிரலில் இது பாதுகாப்பு ஓட்டை. இன்னொன்று: "சி:" என்பதையும் "ஏ" என்பதையும் விண்டோஸில் ஒட்டினால் "சி:ஏ" வரும், "சி:\ஏ" வராது. "சி:ஏ" என்றால் சி டிரைவில் இப்போது எந்த ஃபோல்டரில் நிற்கிறோமோ அதற்குள் இருக்கும் ஏ. டிரைவைக் கொடுக்கும்போது பிரிப்பானோடு சேர்த்தே கொடுங்கள்.

ஜாவாக்காரர்களுக்கு ஒரு வரி: பாதையைப் பிரிக்க ஸ்ப்ளிட்டுக்கு ஃபைல்.செப்பரேட்டரை நேரே கொடுக்காதீர்கள். லினக்ஸில் ஓடும், விண்டோஸில் ஒற்றை பேக்ஸ்லாஷ் முழுமை பெறாத ரெகுலர் எக்ஸ்பிரஷன் ஆகி எக்ஸெப்ஷன் வரும்.

விண்டோஸ் ஸ்லாஷை ஏற்காத இடம்

விண்டோஸின் கோப்பு ஏபிஐ இரண்டையும் ஏற்கும் என்பதற்கு முக்கியமான விலக்கு ஒன்று. விண்டோஸில் பாதையின் பழைய உச்சவரம்பு 260 எழுத்துகள், முடிவுக்குறியையும் சேர்த்து. அதைத் தாண்ட, பாதைக்கு முன்னால் \\?\ என்ற முன்னொட்டைப் போடுவார்கள். ஏறத்தாழ 32,767 எழுத்து வரை போகலாம். ஆனால் இந்த முன்னொட்டின் பொருள் "இதைத் திருத்தாதே, அப்படியே உள்ளே அனுப்பு" என்பது. ஸ்லாஷை பேக்ஸ்லாஷாக மாற்றுவதும், மேல் ஃபோல்டரைக் குறிக்கும் இரட்டைப் புள்ளியைத் தீர்ப்பதும் அந்தத் திருத்தத்தில்தான் நடந்துகொண்டிருந்தன. முன்னொட்டு போட்டதும் ஸ்லாஷ் பாதை தோற்கும். நீளமான பாதைக்கு மட்டும் முன்னொட்டு சேர்க்கும் நிரலில், சின்னப் பாதைகள் ஓடி நீளமானவை மட்டும் விழும். காரணம் நீளம் என்றே எல்லோரும் தேடுவார்கள். முன்னொட்டு சேர்க்கும் அதே ஃபங்ஷனுக்குள், முதலில் முழுப்பாதையாக்கி, பேக்ஸ்லாஷாக்கி, பிறகு ஒட்ட வேண்டும். விண்டோஸ் 10-இன் 1607 பதிப்பிலிருந்து முன்னொட்டு இல்லாமலே வரம்பைத் தளர்த்தலாம். ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பு, புரோகிராமோடு வரும் விவரக் கோப்பான மேனிஃபெஸ்டில் ஒரு வரி, இரண்டும் இருந்தால்தான்.

இரட்டைப் பிரிப்பான்களை ஒற்றையாகச் சுருக்கும் சுத்தப்படுத்தலும் விண்டோஸில் கெடுக்கும். தொடக்கத்தில் இரண்டு வந்தால் அது நெட்வொர்க்கில் உள்ள சர்வரின் பெயர். சுருக்கினால் உள்ளூர் டிரைவில் தேடும்.

மற்ற வாசகர்கள்

ஜிப் வடிவத்தின் விவரக்குறிப்பு உள்ளே ஸ்லாஷ் மட்டும் என்று சொல்கிறது. ஆனால் டாட்நெட் ஃபிரேம்வொர்க்கின் ஜிப் வகுப்பு 4.6.1 வரும்வரை ஃபோல்டரைச் சுருக்கும்போது பேக்ஸ்லாஷ் எழுதிக்கொண்டிருந்தது. அதைக் கவனிக்காத நிரல் லினக்ஸில் பிரித்தால் ஃபோல்டர்கள் வராது, நீளப் பெயருள்ள கோப்புகள் வரிசையாகக் கிடக்கும். நீங்கள் ஜிப் எழுதினால் ஸ்லாஷ் மட்டும் எழுதுங்கள். படித்தால் இரண்டையும் எதிர்பாருங்கள். வெளியேறும் பாதைகளைத் தடுக்க இரட்டைப் புள்ளி-ஸ்லாஷை மட்டும் தேடும் பாதுகாப்புச் சோதனை, விண்டோஸில் இரட்டைப் புள்ளி-பேக்ஸ்லாஷை உள்ளே விட்டுவிடும். ஸ்ட்ரிங்கைத் தேடாமல், இறுதிப் பாதையைக் கணக்கிட்டு அது இலக்கு ஃபோல்டருக்குள் இருக்கிறதா என்று பாருங்கள்.

கிட் என்ற பதிப்புக் கருவியின் புறக்கணிப்புப் பட்டியலிலும், நட்சத்திரக் குறி போட்டுக் கோப்புப் பெயர்களைத் தேடும் குளோப் வடிவங்களிலும் பேக்ஸ்லாஷ் எஸ்கேப் குறி. நோடில் பாத்.ஜாயின் தந்ததை விண்டோஸில் அப்படியே குளோபுக்குக் கொடுத்தால் எந்தக் கோப்பும் பொருந்தாது, பிழையும் வராது. பாதைகளின் பட்டியலைப் பிரிப்பது லினக்ஸில் கோலன், விண்டோஸில் செமிகோலன். கோலனை டிரைவ் எழுத்து எடுத்துக்கொண்டது. விண்டோஸில் லினக்ஸ் பாணி ஷெல்லான கிட் பாஷுக்குள் இருந்து கமாண்ட் பிராம்ப்டை ஸ்லாஷ்-சி விருப்பத்தோடு கூப்பிட்டால், அந்த ஸ்லாஷ்-சி என்பதைப் பாதை என்று நினைத்து சி டிரைவாக மாற்றிவிடும். இரட்டை ஸ்லாஷ் போட்டால் மாற்றாது.

கோலனைப் பற்றி இன்னொன்று. நேரத்தை வைத்து லாக் கோப்புக்குப் பெயர் வைப்பது லினக்ஸில் சகஜம். "லாக்-10:30" என்று விண்டோஸில் திறந்தால் அதன் கோப்பு அமைப்பான என்டிஎஃப்எஸ் மறுக்காது. "லாக்-10" என்ற கோப்பை உருவாக்கி, "30" என்ற பெயரில் அதனோடு ஒட்டிய மறைவான ஸ்ட்ரீமில் எழுதும். எக்ஸ்ப்ளோரரில் 0 பைட் என்று காட்டும், எழுதியது எங்கே என்று தெரியாது. விநாடியையும் சேர்த்து இரண்டு கோலன் வைத்திருந்தால் பிழை வந்து காப்பாற்றியிருக்கும். மேக்கில் கதை வேறு: ஃபைண்டரில் "10/12" என்று பெயர் வைத்த கோப்பு டெர்மினலில் "10:12" என்று தெரியும். கோலன்தான் பிரிப்பானாக இருந்த பழைய மேக்கின் மிச்சம் அது.

தமிழ்ப் பெயருள்ள கோப்புகள்

டெஸ்ட் ஃபோல்டர் ஒன்றுக்குத் தமிழில், நடுவில் இடைவெளியோடு பெயர் வையுங்கள். வேறு எந்தச் சோதனையும் இவ்வளவு மலிவாக இவ்வளவு பிழைகளைக் காட்டாது.

விண்டோஸில் தமிழுக்குப் பழைய ஏஎன்எஸ்ஐ கோட்பேஜ் (யூனிகோடுக்கு முந்தைய எழுத்து அட்டவணை) கிடையாது. அதனால் தமிழ்ப் பெயரை அந்த மெஷினின் கோட்பேஜுக்கு மாற்றிச் சாதாரண எஃப்ஓபனுக்குக் கொடுத்தால் எழுத்துகள் கேள்விக்குறிகளாகும். கேள்விக்குறி கோப்புப் பெயரில் வரவே கூடாது. மைக்ரோசாப்ட் சி++ நூலகத்தில் பாத்தின் ஸ்ட்ரிங் ஃபங்ஷனைக் கூப்பிட்டால் எக்ஸெப்ஷன் எறியும். அகல எழுத்து ஃபங்ஷன்களைப் பயன்படுத்துங்கள், அல்லது விண்டோஸ் 10-இன் 1903 பதிப்பிலிருந்து கிடைக்கும் மேனிஃபெஸ்ட் வரியால் யுடிஎஃப்-8-ஐ அந்தப் புரோகிராமின் கோட்பேஜாக்குங்கள்.

நீளமும் இடிக்கும். என்டிஎஃப்எஸ்ஸில் ஒரு பெயருக்கு 255 யுடிஎஃப்-16 அலகுகள். லினக்ஸின் ஈஎக்ஸ்டி4-இல் 255 பைட்டுகள். யுடிஎஃப்-8-இல் ஒரு தமிழ்க் குறியீடு 3 பைட். ஆக லினக்ஸில் 85 குறியீடுகள்தான். "கி" என்பதற்கே 2 போகும், புள்ளி ஒன்றுக்கு 1. விண்டோஸில் சாதாரணமாக இருக்கும் நீளமான அரசாணைத் தலைப்பு லினக்ஸில் பெயர் மிக நீளம் என்று திரும்பி வரும்.

கடைசியாக, "கோப்பு" என்ற சொல்லையே எடுங்கள். ஓகாரக் குறி யூனிகோடில் ஒரே குறியீடாகவும் இருக்கலாம், இரட்டைச் சுழியும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் இருக்கலாம். மேக்கின் பழைய எச்எஃப்எஸ்+ பிரித்த வடிவத்தில் சேமித்தது. விண்டோஸும் லினக்ஸும் கொடுத்ததை அப்படியே வைக்கும். அந்த மேக்கிலிருந்து டார் (ஒரே கோப்பாகக் கட்டுவது) செய்து, அதே பெயர் சேர்த்த வடிவத்தில் ஏற்கெனவே இருக்கும் லினக்ஸ் ஃபோல்டரில் பிரித்தால், பார்வைக்கு ஒன்றேயான இரண்டு "கோப்பு"கள் ஒரே ஃபோல்டரில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஒப்பிடுவதற்கு முன் இரண்டையும் என்எஃப்சி என்ற சேர்த்த வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். திறப்பதற்கு மட்டும் டிஸ்க்கில் இருந்து படித்த பெயரையே, ஒரு பைட்டும் மாற்றாமல் திருப்பிக் கொடுங்கள்.